கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

பாப்பா,

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீ கோபத்தோடே படித்தாலும் பரவாயில்லை. பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி, திரும்பும் வழியெல்லாம் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேனே, அதே கிராபிக்ஸ் கார்டுதான். சீல் கூடப் பிரிக்காமல் அதே கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், ஃபிட் ஆகலையா?" என்றார். "கார்டு நல்லாத்தாங்க இருக்கு, வாங்கினவன்தான் சரியில்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் கத்திவிடுவேன், நீ கதவைச் சாத்திக்கொள்வாய், நடுவில் அம்மா இரண்டு பேரையும் திட்டுவாள். போன வியாழக்கிழமை அதுதானே நடந்தது. சின்னம்மா வீட்டுக் கோயில் கிடா வெட்டு ஞாயிற்றுக்கிழமைதான் என்று தெரிந்தும், மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு பென்னாகரத்துக்கு, அவள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எந்தக் கல்லூரி என்று நீ ஆன்லைனில் உறுதி செய்தாக வேண்டும். சென்னையில் கிடைத்திருக்கும் இடமா, தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தர்மபுரி கல்லூரியா. அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும். வேறு எவனாவது பெண்ணைப் பெற்றவன் இதைப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

அப்பன்கள் கடிதம் எழுதினால் வயதின் கனம் இருக்கும். எனக்கு அது கிடையாது. டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே நீ. இன்னும் நாற்பது ஆகவில்லை. உன் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தபோது, "அண்ணன்லாம் போடக் கூடாதுங்க, அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு டீச்சர் என்னைத் திருப்பி அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். நானும் நீயும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தோம். அதனால் புத்தி சொல்லும் தோரணை எனக்கு வராது. இன்வெர்ட்டர் போர்டில் எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வேன். அதே மாதிரிதான் இதையும் சொல்லப் போகிறேன்.

நம் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டிய பெட்டி அது. நீ எட்டாவது படிக்கும்போது வாங்கி வந்தேன். அதில் ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டைச் செருகி, கேம் ஓடும்படி செய்து கொடுத்தேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடா கேம் ஆடற பொட்டி?" என்று உன் அத்தை கேட்டாள். "உனக்கு எதுக்கு டிவி?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிக்கு அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் அந்தப் பெட்டி, இன்னொரு மூலையில் அம்மாவின் புளி மூட்டை. சீசன் வந்தால் அவள் புளி தட்டிக் கொட்டை எடுக்க, அந்த நாரும் தூசியும் மொத்தமாகக் கம்ப்யூட்டர் ஃபேனுக்குள்தான் போகும். மாதம் ஒரு தடவை நான் திறந்து ஊதினால் ரசம் வைக்கிற அளவுக்கு வரும்.

ஒருநாள் திரை வராமல் பீப் பீப் என்று கத்தியது. நான் வேலைக்குப் போயிருந்தேன். ரேமைக் கழற்றி, அதன் விளிம்பில் இருக்கும் மஞ்சள் பட்டையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்று நான் செய்து நீ பார்த்திருக்கிறாய். ரப்பர் கிடைக்கவில்லை. அம்மா பித்தளை விளக்கைத் தேய்க்கிற மாதிரி, நீ ஒரு சுளை புளியை எடுத்து அதைத் தேய்தேய் என்று தேய்த்து, துணியால் துடைத்து மாட்டிவிட்டாய். கம்ப்யூட்டரும் வந்துவிட்டது! நான் வீட்டுக்குள் நுழையும்போது நீ நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நாளில் ரேமும் செத்தது, அது உட்காரும் ஸ்லாட்டும் பச்சை பிடித்துச் செத்தது. நான் கத்தினேன். "தங்கம் மாதிரி பளபளன்னு ஆச்சுப்பா" என்று அழுதாய். "தங்க முலாம்தாண்டி அது!" என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். அம்மா புளி தட்டும் கட்டையை நிறுத்தாமல், "வெளக்குக்குப் புளி போடாம பின்ன பெட்ரோலாங்க போடுவாங்க? புள்ள கண்டதத்தான செய்யும்" என்றாள். மறுநாள் என் ரிப்பேர் கடையில் இதை எல்லோரிடமும் சொன்னேன். திட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னேன். தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறாள் என்று. என் தொழிலில் பாதி அதுதான். மிச்சப் பாதி, கழுவாமல் மாட்டக் கூடாது என்பது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ என்னிடம் வாதாட வந்தாயே, அப்படி ஒரு வாதத்தை எந்த இன்ஜினியரும் என் முன்னால் வைத்ததில்லை. "லேப்டாப் வேணாம்பா. அதுல கார்ட போர்டோட சேத்து ஒட்டி வெச்சிருப்பான், போச்சுன்னா மொத்தமும் போச்சு. நம்மூரு வெயிலுக்கு தோசக்கல்லு மாதிரி காயும். அதே காசுக்கு டெஸ்க்டாப்புல எவ்ளோ பெரிய கார்டு வாங்கலாம், நீதான சொன்ன? இருக்கறதையே அப்கிரேட் பண்ணிக் குடு." எல்லாம் சரி. ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. "அப்ப சென்னை?" என்று கேட்டேன். "தர்மபுரியிலயும் அதே சப்ஜெக்ட்தான்பா" என்று தலையைத் தூக்காமல் சொன்னாய். கேம் செய்யக் கற்றுக்கொடுக்கும் லேப் சென்னையில்தான் இருக்கிறது என்று பத்தாவதிலிருந்து என் காதைத் தின்றவள் நீ. அந்தத் தலை தூக்காததை நான் பார்த்தேன். பார்த்தும் கார்டைப் பற்றித்தான் பேசினேன்.

வேறு எவனாவது அதே பெட்டியைக் கொண்டுவந்து அப்கிரேட் செய்து கொடு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு ஸ்லாட் புளி தின்று செத்துவிட்டது, மிச்சம் இருக்கும் ஒன்றில் மாட்டும் ரேம் போதாது. ஆகவே மதர்போர்டை மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் பழைய பிராசஸர் அதில் உட்காராது. பழைய ரேமும் உட்காராது. அந்த ஆபீஸ் பெட்டிக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் புதுக் கார்டுக்குப் போதாது. இவ்வளவையும் மாற்றினால் மிச்சம் இருப்பது தகரப் பெட்டியும் அதன் மேல் நீ ஒட்டிய ஸ்டிக்கரும். "போய்யா, புதுசு வாங்கு" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருப்பேன். உன்னிடம் மட்டும், "சரி பாப்பா, முதல்ல கார்டு வாங்கிடலாம், மத்தத அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அது என்ன, எதற்கு என்றெல்லாம் கேட்காமலே விளக்கம் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் அன்று கிருஷ்ணகிரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

கார்டு வாங்கி வந்த மறுநாள் மொரப்பூர் பக்கம் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் வைக்கப் போனேன். புது வீடு. "எது பெருசோ அதையே போட்டுடுங்க சார்" என்றார் வீட்டுக்காரர். நான் வழக்கம்போலக் கேட்டேன். எங்க வெக்கப் போறீங்க, அதுல என்னென்ன ஓடப் போவுது, வூட்ல யாரு யாரு இருக்கப் போறீங்க. பையன்கள் வெளியூரில், இவரும் மனைவியும் மட்டும் என்றார். "அப்ப எதுக்குங்க பெருசு? சின்னதே போதும்" என்றேன். அவர் உள் அறைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பசங்க வந்து தங்குவாங்கன்னு ஒரு நெனப்புதாங்க" என்றார். சின்னதையே வைத்துவிட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்ட கேள்வியை உன்னிடம் நான் கேட்கவே இல்லை என்று அங்கேதான் உறைத்தது. கேட் திறந்ததும் பின்னால் வந்த டிராக்டர்காரர், "ஏம்பா, வண்டிய எடுக்கற உத்தேசம் இருக்கா?" என்று கேட்கும் வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை, நீ ஸ்க்ரூ டிரைவரோடு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"பாப்பா, இத எங்க வெக்கப் போற?"

"என்னாப்பா கேள்வி இது? இங்கதான்."

"அப்ப நீ?"

"நானும் இங்கதான்."

"எதுக்கு? கார்டுக்காகவா?"

"லேப்டாப் சூடாவும்னு…"

"சூட்ட உடு. நீ எதுக்கு இங்க?"

ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தாய். "நான் போய்ட்டா அம்மாளுக்கு யாருப்பா குடம் தூக்குவாங்க? நீயா? நீ காலைல போனா இருட்டனப்புறம்தான் வர்ற. வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரே, ஒனக்கு நெனப்பாச்சும் இருக்கா?"

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து, ஒகேனக்கல் தண்ணி வரும் நாளெல்லாம் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தது நீதான். பன்னிரண்டாவது பரீட்சைக்கு நடுவிலும் நீதான். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்தேன்.

புளி தட்டிக்கொண்டிருந்த அம்மா கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "ஏண்டி, நான் என்னா ஒடஞ்சு போன கண்ணாடி கிளாசா? என்னக் காவ காக்கறதுக்கா ஒன்னப் படிக்க வெச்சேன்?"

"அன்னிக்கு வாசல்ல மயங்கி வுழுந்தது யாரு?"

"வுழுந்தேன். எந்திரிச்சேன்ல? இன்னிக்கு வரைக்கும் எந்திரிச்சுத்தான இருக்கேன்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் மூடாது. "அப்ப கம்ப்யூட்டர சாக்கு வெச்சு எங்கிட்டயே பொய் சொல்லிட்டு இருந்தியா?" என்று கத்தினேன். நீ எழுந்து நின்று, கத்தாமல் சொன்னாய்: "நீயுந்தானப்பா பொய் சொல்ற. இவ்ளோ மாத்தணும்னு வேற யாராச்சும் வந்தா புதுசு வாங்குன்னு தொரத்தி உடுவ. எனக்கு மட்டும் ஏன் சரின்னு சொன்ன?" கதவு சாத்திக்கொண்டது.

 அம்மா சிதறிக் கிடந்த புளியைக் கூட்டி அள்ளினாள். "புள்ள நல்லா கேட்டுச்சுல்ல? பதிலச் சொல்லுங்க" என்றாள்.

பதில் இதுதான். நீ போகக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அதை வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மகளைப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் பாரேன், டெஸ்க்டாப்தான் காசுக்கு நல்லது என்று ஒரு கணக்கு கையில் கிடைத்ததும் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நான் சைட்டில் இருக்கும்போது கஸ்டமர் போனையெல்லாம் நீதான் எடுக்கிறாய். "செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுதுங்களா, இல்ல நின்னு எரியுதுங்களா?" என்று நீ கேட்கும் தோரணையில் பாதிப் பேர் நீதான் ஓனர் என்று நினைக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது கூடத்து மூலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எவனோ ஒருவனை, "டேய், பின்னால வர்றான் பாரு, குருடா" என்று நீ திட்டுவது கேட்டால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். இது எதுவும் உன்னை இங்கே வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. என் ஆசைக்கு என் தொழிலறிவு சாட்சி சொல்ல வந்தது. சுலபமாக வந்தது. அதற்குத்தான் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

நீ எங்கே போனாலும் இதை மட்டும் வைத்துக்கொள். ஒரு முடிவுக்குச் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஒன்று கூடப் பிசகாமல் கச்சிதமாகப் பொருந்தினால், நம்பாதே. கழற்றிப் பார். அடியில் வேறு ஏதாவது ஒயர் ஓடிக்கொண்டிருக்கும். உன் வாதத்தின் அடியில் அம்மா இருந்தாள். என் சம்மதத்தின் அடியில் நான் மட்டும்தான் இருந்தேன். உன்னுடையது என்னுடையதைவிட மரியாதையான பொய்.

குடத்தைப் பற்றி. நீ கிளம்பிய அன்று நான் வேலைக்குப் போகவில்லை. குழாயடியிலிருந்து வாசலுக்கு ஹோஸ் இழுத்து, ஒரு டிரம்மை வைத்து, அதிலிருந்து சமையலறைத் தொட்டிக்குப் பைப் போட்டு, சின்ன மோட்டார் ஒன்றை மாட்டினேன். மத்தியானச் சோற்றுக்குள் வேலை முடிந்துவிட்டது. ஊர் முழுக்க மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், அரை நாள் வேலையைச் செய்யாமல் தன் மகளைச் சுமக்க விட்டிருக்கிறான். நீ தூக்கிக்கொண்டிருந்ததால் எனக்கு அதன் அவசரம் உறைக்கவில்லை. அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டு, தண்ணீர் ஏறுவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இத போன வருசமே பண்ணியிருந்தா என்னாங்க?" என்றாள். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

லேப்டாப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. சூடாகும். ஃபேன் ஜெட் மாதிரி கத்தும். அதே காசுக்கு டெஸ்க்டாப் இதைத் தூக்கிச் சாப்பிடும், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். சார்ஜர் ஒன்றே செங்கல் கனம். ஆனால் மொரப்பூரில் ரயில் ஏறும்போது அதைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஹாஸ்டல் கட்டிலின் மேல் விரித்து வைக்கலாம். லேபிலிருந்து ரூமுக்கும் ரூமிலிருந்து லேபுக்கும் அது உன்னோடு நடக்கும். நீ சென்னை என்றால் லேப்டாப். ரேம் கூட்டுகிற வசதி உள்ளதாக நானே பார்த்து வாங்குகிறேன், ரேமைத் தேய்க்க ஒரு ரப்பரும் பையில் போட்டுத் தருகிறேன். நீ தர்மபுரிதான் என்று உறுதி செய்தால் அப்போதும் இந்தப் பழைய பெட்டியை அப்கிரேட் செய்ய மாட்டேன். மொத்தமாகப் புது டெஸ்க்டாப், நல்லதாக, கூடத்தில் வைத்துத் தருவேன். இரண்டுக்கும் ஆகும் செலவு எனக்கு ஒன்றுதான். அதனால் எங்களுக்கு எது சௌகரியம், எது செலவு என்பதையெல்லாம் நீ கணக்கில் சேர்க்காதே. உனக்கு எது வேண்டும் என்பதை மட்டும் பார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், நான் சிரிக்க மாட்டேன். பயம் சென்னைக்குப் போகாமல் இருக்கக் காரணம்தான், அம்மா காரணம் அல்ல.

அம்மா காரணம் இல்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டாய். அதனால் இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நீ திறந்து போட்டுவிட்டுப் போன கேபினெட்டைத் துடைத்து மூடி, ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்தேன். நீ கடைசியாக ஆடிய கேமைத் திறந்தேன். அதில் நீ கட்டி வைத்திருக்கும் வீடு, வேலி, பக்கத்தில் குளம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "எதப் புடிச்சா நடக்கும்?" என்றாள். காட்டிக் கொடுத்தேன். வேலியைத் தாண்டினாள், காட்டுக்குள் போனாள், ஏதோ ஒரு பள்ளத்தைப் பார்த்து ஐயோ என்றாள், திரும்பி வரப் பார்த்து, திருப்பத் தெரியாமல் நேராகக் குளத்துக்குள் இறங்கி மூழ்கிப் போனாள். திரை சிவந்துவிட்டது. "செத்துட்டனா?" என்றாள். ஆமாம் என்றேன். "அடப் பாவமே. இப்ப எங்க போவும்?"

"வூட்டுக்குத்தான். பாப்பா கட்டிலு போட்டு வெச்சிருக்கு பாரு, அங்க எந்திரிக்கும்."

சொன்ன மாதிரியே கட்டிலில் எழுந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வூடு எடத்துலயே இருக்கும்னா அப்பறம் என்னாத்துக்குப் பயம்?" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு மறுபடியும் கிளம்பிவிட்டாள். மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை. நான்தான் சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. சாப்பிட்டோம்.

அப்பா